ஒரு யூனிட் மணலில் எவ்வளவு மணல்?

லோடு இறங்கியதும் மேஸ்திரி ஒரு பிடி மணலை அள்ளிக் கசக்கிவிட்டுக் கையை உதறுவார். உள்ளங்கையில் பழுப்புக் கறை ஒட்டியிருந்தால் முகம் மாறிவிடும். அந்தக் கறை மலையில் பிறந்தது. அது எப்படி உண்டானது என்று தெரிந்தால், எந்த மணலை எப்படிச் சோதிப்பது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

சேலம், நாமக்கல் பக்கம் கிணறு வெட்டும் இடத்தில் செம்மண்ணுக்குக் கீழே ஓர் அடுக்கு வரும். பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும். கடப்பாரை பட்டதும் பொலபொலவென்று உதிரும். ஒரு கட்டியைக் கையில் நொறுக்கினால் மூன்று சரக்கு தனித்தனியாகப் பிரியும். வெள்ளை மாவாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார், அல்லது அதன் மிச்சம். கண்ணாடிச் சில்லுபோல் உறுத்துவது குவார்ட்ஸ். மினுமினுக்கும் தகடு காக்காய்ப்பொன், அதாவது மைக்கா. கிரானைட்டும் நைஸ் பாறையும் பெரும்பாலும் இந்த மூன்றால் ஆனவைதான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறை வெடிப்புக்குள் இறங்குகிறது. ஃபெல்ட்ஸ்பார் அதற்குத் தாங்காது. அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் கரைந்து போக, மிஞ்சுவது களிமண். குவார்ட்ஸை அந்த அமிலம் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. கத்தியால் கீறினாலும் கோடு விழாது. சுற்றியுள்ளது உளுத்துப் போனதும் குவார்ட்ஸ் தனியே கழன்று விழுகிறது. மணல் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். களிமண்ணும் மைக்காவும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் கழிவு. மைக்கா தகடு தகடாகப் பிரிவதால் சிமெண்டு அதைப் பிடிக்காது. பளபளப்பு அதிகமுள்ள மணலைப் பூச்சுக்கு வாங்காதீர்கள்.

பிரிக்கும் வேலையை ஆறு செய்கிறது. வேகம் குறையக் குறையக் கனமானதை முதலில் போட்டுவிட்டு, நுண்ணியதை மேலும் இழுத்துப் போகும். கரூர், திருச்சி பக்கத்துக் காவிரி மணல் பருபருவென்று இருக்கும். கடைமடைக்குப் போனால் பொடிந்து வண்டலாகிவிடும். 600 மைக்ரான், அதாவது 0.6 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் 35 முதல் 59 சதவீதம் இறங்கினால், மணலைப் பருமன்படி நான்கு மண்டலமாகப் பிரிக்கும் தர அளவில் அது இரண்டாம் மண்டல மணல். கான்கிரீட்டுக்கு இதுவே தோது. 80 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பூச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

களிமண் எவ்வளவு என்று பார்க்க 250 மில்லி அளவுக் குடுவை போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். குடுவையில் 50 மில்லி வரை அந்த நீர், பிறகு 100 மில்லி கோடு வரும்வரை மணல், அதற்கு மேல் 150 வரை மறுபடி உப்புநீர். வாயை உள்ளங்கையால் அடைத்து நன்றாகக் குலுக்கி, சமதளத்தில் 3 மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மணல் கீழே தங்கும், வண்டல் அதன்மேல் தனிப் படலமாக நிற்கும். வண்டலின் உயரத்தை மணலின் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 8-ஐத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

பலர் உப்பை விட்டுவிடுகிறார்கள். களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கி அவற்றைத் திரளச் செய்கிறது. வெறும் தண்ணீரில் செய்தால் மறுநாளும் நீர் கலங்கியே இருக்கும், படலம் மெலிதாகத் தெரியும், மோசமான மணல் தேறிவிடும். ஆற்றின் கலங்கல் கடலைத் தொட்டதும் முகத்துவாரத்தில் படிவதற்கும் இதே உப்புதான் ஒரு காரணம்.

இனி தலைப்புக் கேள்வி. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஆனால் ஈர மணல் உப்பிப் பெருகும். 5 சதவீதம் ஈரம் இருந்தாலே துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்திவிடும். 20 முதல் 30 சதவீதம் வரை கன அளவு கூடும். பொடி மணல் என்றால் இன்னும் அதிகம். முழுக்க நனைந்தால் மறுபடி அமுங்கிவிடும். அளந்து பார்ப்பது எளிது. நேர்ச்சுவர் உள்ள டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு ஈர மணலைத் தளர்வாகப் போட்டு உயரம் அளக்கவும். 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணலைக் கொட்டிவிட்டு டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திவிட்டு அளந்தால் 160 வருகிறது. 200-ஐ 160-ஆல் வகுத்தால் 1.25, அதாவது 25 சதவீத உப்பல். 100 கன அடிக்குக் காசு கொடுத்து 80 கன அடி மணல் வாங்கியிருக்கிறீர்கள்.

கலவையிலும் இது இடிக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்று பாண்டு (கலவைச் சட்டி) கணக்கில் போட்டால் நாலு பாண்டில் உண்மையில் 3.2 பாண்டு மணல்தான் இருக்கிறது. சிமெண்டு மிகுந்து, பூச்சு காயும்போது சுருங்கி வலைவலையாக வெடிக்கும். அந்த மணலுக்கு ஐந்து பாண்டு போட வேண்டும்.

ஆற்றில் அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்பது பழைய கணக்கு. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. அடித்தளத்தோடு உருண்டு வரும் பருமணல் அதைத் தாண்டுவதில்லை. பவானியிலும் அமராவதியிலும் அணைகள் உண்டு. மணற்படுகை ஒரு தண்ணீர்த் தொட்டியும்கூட. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் மணல் 10,000 கன மீட்டர். அது நீர் நிரம்பி நின்றால், கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கும் என்று வைத்தாலும் 25 லட்சம் லிட்டர். அதை வாரிவிட்டால் கரையோரக் கிணறுகள் இறங்கும். தோண்டிய பள்ளமும் அங்கேயே நிற்காது. பள்ளத்தில் நீர் வரும் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். அங்கே சரிவு கூடி வேகம் எடுக்கும், விளிம்பு அரிந்து அரிந்து ஆற்றின் மேல்பக்கமாக நகரும். பாலம் அந்த வழியில் இருந்தால் அஸ்திவாரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல். மலையும் ஆறும் யுகக்கணக்கில் செய்வதைக் கிரஷர் நிமிடங்களில் செய்கிறது; ஆனால் பிரிப்பதும் மழுக்குவதும் தனி வேலை. தாடைக் கிரஷரில் மட்டும் உடைத்த கல் சப்பையாக, ஊசி முனையோடு வரும். வி.எஸ்.ஐ. (செங்குத்துத் தண்டு மோதல்) எந்திரம் கல்லைக் கல்மேல் வேகமாக எறிந்து முனைகளை மழுக்குகிறது. பிறகு கழுவித் தூசியை எடுக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காத கிரஷர் பொடியும் எம்-சாண்ட் என்ற பெயரில் விற்கிறது.

குடுவைச் சோதனை இங்கே ஏமாற்றும். மேலே நிற்கும் படலம் கல்தூளாகவும் இருக்கலாம். 75 மைக்ரானுக்குக் குறைந்த தூள் ஆற்று மணலில் 3 சதவீதம்தான் இருக்கலாம், உடைத்த மணலில் 15 வரை இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி. அந்தப் படலத்தை வழித்துக் காயவையுங்கள். கல்தூள் விரலில் நறநறக்கும், காய்ந்தால் ஊதினாலே உதிரும். களிமண் வழுவழுக்கும், காய்ந்தால் ஓடாக வெடித்து நிற்கும். ஓடாக நின்றால், குவாரியின் மேலடுக்கைச் சரியாக நீக்காமல் அந்த உளுத்த பாறையையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.