ஆளில்லா ஸ்டேஷனும் சித்தப்பாவின் விசாரணைகளும்

ஜப்பானின் குன்மா மாகாணத்தில், மினாகாமிக்கு அடுத்ததற்கு அடுத்த ஸ்டேஷன் தோவாய். நாகாஓகா பக்கம் போகும் வண்டியில் போனால், இறங்குமிடம் மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. 1967-இல் திறந்த சுரங்கத்துக்குள்ளேயே நடைமேடை. ஸ்டேஷன் கட்டடமோ அதற்குச் சுமார் 70 மீட்டர் மேலே, தரைமட்டத்தில். இரண்டையும் இணைப்பது படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. 1985-இலிருந்து ஊழியரும் கிடையாது.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு முதலில் சொன்ன செய்தி எதுவும் உறைக்கவில்லை. கடைசியில் சொன்னதுதான் உறைத்தது. "ஆளே இல்லையா? அப்படியென்றால் யாரிடம் கேட்பது?"

எதைக் கேட்பது என்பது அவருக்கு முக்கியமில்லை. அறிவிப்புப் பலகையை நம்பி அவர் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. மனிதர் வாயால், அதிலும் மூன்று பேர் வாயால் கேட்டால்தான் அவருக்கு ரயில் வரும். டோக்கியோவில் தமிழிலேயே விசாரிப்பார். எதிராளி பணிவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வார். "நான் நினைத்தது சரிதான்" என்று திருப்தியாகத் திரும்பி வருவார்.

வண்டி எங்களை இறக்கிவிட்டு இருட்டுக்குள் போய் மறைந்தது. வெளியே நல்ல கோடை. உள்ளே சில்லென்று ஈரம். சித்தப்பா துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். எங்களோடு இறங்கிய மலையேறிகள் சிலர் விறுவிறுவென்று நடந்துவிட்டார்கள். தானிகாவா மலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் படிக்கட்டு வெறும் முன்னுரை.

படிக்கட்டு வளைவு நெளிவு இல்லாமல் நேராக மேலே போகிறது. அடிவாரத்தில் ஒரு பலகை: நீளம் 338 மீட்டர், படிகள் 462, அதற்கப்பால் வெளிவாசல்வரை 143 மீட்டர் நடை, இன்னும் 24 படிகள், ஆகும் நேரம் சுமார் பத்து நிமிடம். வாசித்துக் காட்டினேன். "பலகைதானே சொல்கிறது" என்றார். பக்கத்தில் இன்னொரு படிக்கட்டு அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. எஸ்கலேட்டர் போட ஒதுக்கிய இடம் என்றேன். "எப்போது போடுவார்கள்?" அறுபது வருடமாகப் போடவில்லை, இனியா போடப்போகிறார்கள்! கேட்க ஆள் இருந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார்.

நடுவில் பெஞ்சு போட்டிருந்த ஓரிடத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி முதுகுப்பையோடு உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" பாட்டி சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொல்லி, ஒரு மிட்டாயும் கொடுத்தார். "பாதி வந்துவிட்டோமாம்" என்றார் சித்தப்பா. ஆச்சரியம் என்னவென்றால், படியில் எழுதியிருந்த எண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

மேலே வந்து மூச்சு வாங்கும்போது ஒரு பழங்கதை சொன்னேன். ஊழியர்கள் இருந்த காலத்தில், கீழே சுரங்கத்தில் நிற்கும் வண்டிக்கு டிக்கெட் வாசலைப் புறப்படும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார்களாம். அதற்குமேல் வந்தால் ஓடினாலும் பிடிக்க முடியாது. சித்தப்பாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போனது. "அதுதான் நிர்வாகம்! இப்போது யார் சொல்வார்கள்?"

திரும்பி மினாகாமி போகும் வண்டிக்கு இந்தப் பாடு இல்லை. அது 1931-இல் திறந்த பழைய சுரங்கத்தின் வழியாக வந்து தரைமட்டத்திலேயே நிற்கும். ஒரே ஸ்டேஷனில் ஒரு நடைமேடைக்குப் பாதாளம், இன்னொன்றுக்கு வெயில். டிக்கெட் விற்க ஆளில்லாததால் ஓர் இயந்திரம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால், எங்கே ஏறினோம் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டு வரும். பணத்தை இறங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். காசு வாங்காமல் காகிதம் தரும் இயந்திரத்தைச் சித்தப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஒரு நாளைக்கு ஒரு திசையில் சில வண்டிகள்தான் என்பதால் வெகுநேரம் காத்திருந்தோம். அப்போது கல்லூரிப் பிள்ளைகள்போல இருவர் மலையிலிருந்து வந்து, சுவரில் இருந்த கால அட்டவணையைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா எழுந்தார். கீழே கையைக் காட்டினார். பத்து விரல்களையும் விரித்தார். நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினார். "தம்பி, பத்து நிமிடம்! கேட்டை மூடிவிடுவார்கள்!" தலையில் துண்டு கட்டிய பெரியவரின் அதிகாரத்தைச் சந்தேகிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. குனிந்து வணங்கிவிட்டுச் சுரங்கத்தை நோக்கி ஓடினார்கள். அவர்களுடைய வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருந்தது என்று அட்டவணையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எங்கள் வண்டி வந்தது. மலைக்குள் ரயில் வளையம் போட்டு இறங்குவதைக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் கவலை வேறு. "அந்தப் பிள்ளைகள் வண்டியைப் பிடித்திருப்பார்களா?"

மினாகாமியில் வாசலருகே சீருடையில் ஓர் ஊழியர் நின்றார். சித்தப்பா சீட்டை நீட்டிய கையோடு அதையே அவரிடமும் கேட்டார். ஊழியர் சீட்டைப் பார்த்தார். கட்டணம் எத்தனை யென் என்று ஜப்பானிய மொழியில் தெளிவாகச் சொன்னார்.

"பிடித்துவிட்டார்களாம்" என்றார் சித்தப்பா. நான் பணத்தைக் கொடுத்தேன்.