பாக்கி இருந்த பேச்சு

தமிழய்யா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் அப்போது விடியற்காலை ஐந்து மணி. விளையாட்டு விழாவைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் பள்ளி மலர்க் குழுவிடம் சொல்லியிருந்தேன். இனி அது வராது.

நான் ஒன்பதாவது படித்த வருடம், பிப்ரவரி 1. ஓமந்தூரார் பிறந்தநாள் பேச்சு என் முறை. அண்ணனின் பழைய நோட்டிலிருந்து இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். “தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர்” என்று தொடங்கியதுமே வேப்பமரத்தடியிலிருந்து ஐயா கையைத் தூக்கினார்.

“நில்லுடா. முதல் ஆள் யாரு?”

திரும்பவும் அதையே சொன்னேன்.

“1920ல சுப்பராயலு ரெட்டியார். அவரும் நம்ம தென்னார்க்காடுதான். சைக்கிள்ல போற தூரத்துல இருக்குது ஓமந்தூர். அந்த மனுசனைப் பத்திக்கூடத் தெரிஞ்சிக்காம மேடைக்கு வந்துட்டே. இறங்கு.”

பத்தாம் வகுப்பு வரிசையில் கிளம்பிய சிரிப்பு ஆறாம் வகுப்பு வரை போனது. கொடிமேடைச் சுண்ணாம்பைக் கால் பெருவிரலால் சுரண்டியபடி நின்றேன். நகத்துக்குள் போன வெள்ளை மறுநாள் வரை இருந்தது.

மதியம் ஐயா கூப்பிட்டனுப்பினார். தன் டிபன் மூடியில் பாதி தயிர்சாதத்தையும் ஒரு துண்டு நார்த்தங்காயையும் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்தான் பேசினார். “அடுத்த வருசம் நீயே பேசு, சரியாப் பேசு” என்றார். அடுத்த வருடம் திருப்புதல் தேர்வு. அப்புறம் சென்னை, அப்புறம் இந்த ஊர். அந்தப் பேச்சு இன்றுவரை பாக்கி.

ஐயா, இப்போது பேசுகிறேன். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1895இல் பிறந்த விவசாயி. 1947 மார்ச்சில் டி. பிரகாசத்துக்குப் பின் சென்னை மாகாணத்தின் பொறுப்புக்கு வந்தார். அன்றைக்கு அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றே பெயர். ஆகஸ்ட் 15 விடிந்தபோது கோட்டையில் இருந்தவர் அவர்தான். முத்துலட்சுமி ரெட்டி ஏறக்குறைய இருபது வருடம் போராடிய தேவதாசி ஒழிப்பு 1947இல் சட்டமானது. மாகாணத்துக் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டமும் அதே வருடம்தான். 1948இல் ஜமீன்தாரி ஒழிப்பு. பாரதியார் பாடல்களின் உரிமையை ஏவி.எம். மெய்யப்பனிடமிருந்து அரசு பெற்றது 1949இல். இத்தனையும் இரண்டே வருடத்தில். பள்ளியில் நாம் தினமும் பாடிய பாரதி பாட்டுக்குப் பின்னால் இவர் இருந்தார் என்று நீங்கள் சொன்னபோது சோறு என் தொண்டையில் நின்றது நினைவிருக்கிறது.

சொந்தக் கட்சிக்காரர்களின் ஆதரவு குறைந்ததும் 1949 ஏப்ரலில் விலகினார். குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் வடலூருக்குப் போய் வள்ளலார் பெயரால் பள்ளி தொடங்கினார், 1970இல் மறையும்வரை அந்த வழியிலேயே இருந்தார். பதவி போனதும் பட்டணத்தில் தங்காமல் நம் மண்ணுக்கே திரும்பினாரே, அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.

தைப்பூசத்துக்கு ஐயா எங்கள் ஏழு பேரைக் கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றி வடலூர் கூட்டிப்போனார். ஏழு திரை விலகி ஜோதி தெரிந்தபோது கூட்டத்தில் எனக்கு எட்டவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். பிறகு தருமசாலையில் 1867லிருந்து அணையாத அடுப்பைப் பார்த்தோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “இலையில மிச்சம் வைக்காதே” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆறு வருடம் முன்பு. திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“எப்பப்பா ஊரோட வர்றே?”

“இன்னும் ரெண்டு வருசம் ஐயா. பையன் படிப்பு முடியட்டும்.”

“சரி, சரி” என்று என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு வருடம் முடிந்து நான்கு வருடமாகிறது. பையனுக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது.