கடன் கொப்பியிலிருந்து மாகாண சபைக்கு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு நகரத்தில் சில்லறைக் கடை நடத்திய ஒருவர் மத்திய மாகாண சபைக்குத் தெரிவானபோது, காசு இருந்தால் யாரும் அரசியலுக்கு வரலாம் என்று சிலர் பேசினார்கள். பாடசாலை விடுமுறைகளில் அவருடைய கடையில் நிறுவைக்கு நின்றவன் நான். அவரை அங்கே கொண்டு சேர்த்தது காசன்று, கடன் கொப்பிதான்.

சம்பளம் பத்தாம் திகதி. அதற்கு முன்பே அரிசியும் கோதுமை மாவும் தீர்ந்துபோகும் வீடுகளுக்கு அவர் கடன் கொடுப்பார். நீல மட்டை போட்ட நீளக் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் தோட்டப் பிரிவு, லயத்தின் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதிவைப்பார். பிள்ளைக் கணக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “எத்தனை வாய் என்று தெரியாமல் எவ்வளவு மா கொடுப்பது, தம்பி?” என்றார். யாருடைய மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, யாருடைய லயக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அந்தக் கல்லாவுக்கே வந்து சேர்ந்தன.

2011இல் அவர் பிரதேச சபை உறுப்பினரானார். மேற்பிரிவு லயங்களுக்கு ஏறும் பாதைக்குக் கொங்கிரீட் போட முனைந்தபோது, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட விடாமல் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. எங்கள் வாக்கைப் பெற்ற சபையால் எங்கள் வாசலில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாத அந்த அநியாயம், 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. மேலே போனால்தான் வழி பிறக்கும் என்று அவர் எண்ணியது அப்போதுதான்.

2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த மாகாண சபைத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்துக்கு 16 ஆசனங்கள். கட்சிப் பட்டியலில் தமக்குப் பிடித்த வேட்பாளர்களை வாக்காளர்களே குறிக்கும் விருப்பு வாக்கு முறையில் எதிர்க்கட்சியோடு மட்டுமன்றிச் சொந்தப் பட்டியலில் உள்ளவர்களோடும் போட்டியிட வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களுக்கே வாக்களித்துப் பழகிய தோட்டங்கள் ஒரு கடை முதலாளியைத் தெரிவு செய்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அப்படியே கண்மூடியவரின் மகன் பல்லேகலையிலுள்ள மாகாண சபையில் 58 உறுப்பினர்களில் ஒருவராக அமர்ந்ததை நினைக்கையில் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அங்கே அவர் பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றியே பேசினார். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை அறிக்கையை அதே ஆண்டு ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்திருந்ததால் அந்த முறையிலும் தேர்தல் நடத்த முடியவில்லை, பழைய முறைக்கும் திரும்பவில்லை. மக்கள் தோற்கடிக்காமலேயே அவருடைய அரசியல் வாழ்க்கை நின்றுபோனது. சிறு நகரத்து மனிதர் ஒருவர் ஏறக்கூடிய அந்த ஒரே படியை இப்படி மூடிவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் கல்லாவில் இருந்தார். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த ஒரு அக்கா, “முதலாளி, நம்ம பாதை என்னாச்சு?” என்று கேட்டார். அவர் நீலக் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். உறுப்பினராக இருந்த காலத்தில் மக்கள் கேட்டவை வரிசையாக எழுதப்பட்டு, முடிந்தவை சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தன. மேற்பிரிவுப் பாதை என்ற வரியின் மேல் கோடு இல்லை.