ராம் கூட்டினேன், பவர் சப்ளை படுத்துவிட்டது

திருநெல்வேலி குறுக்குத்துறை மண்டபத்தைப் பல நூறு படங்களாக எடுத்து, கணினியில் முப்பரிமாண மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். பாதி வழியில் மெமரி (ராம்) போதவில்லை என்று மென்பொருள் நின்றுவிடும். அதனால் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் இருக்கும் பழைய வொர்க்ஸ்டேஷனில் 32 ஜிபியோடு இன்னொரு 32 ஜிபி சேர்க்கலாம் என்று இறங்கினேன்.

பிளக்கைப் பிடுங்கி, நாலு ராம் ஸ்டிக்கையும் சொருகி, பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. திரும்ப அழுத்தினால் அதுகூட இல்லை. பின்பக்கச் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால் மறுபடி அதே அரைச் சுற்று.

கேட்டவர்கள் எல்லாரும் ‘புது ராம் ஒத்துக்கல’ என்றார்கள். புது ராமைக் கழற்றினேன், அப்படியேதான். பழையதையும் கழற்றினேன். ராமே இல்லாத மதர்போர்டு என்றாலும் ஃபேன் ஓடி, பீப் சத்தமாவது வர வேண்டும். ம்ஹூம். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் பிரித்தும் மாற்றமில்லை.

கணக்குப் பார்த்தாலும் ராம் மேல் தப்பில்லை. டிடிஆர்4 ரக ராம் ஓடுவது 1.2 வோல்ட்டில். ஒரு ஸ்டிக் நாலைந்து வாட் இழுத்தால் அதிகம். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் 600 வாட் பவர் சப்ளை இதற்கா மூச்சு வாங்கும்?

சப்ளையைத் தனியாக வெளியே எடுத்தேன். போர்டில் சொருகும் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால், போர்டு இல்லாமலே சப்ளை ஓட வேண்டும். ஓடவில்லை. அப்புறம் ஊதா வயர். மெஷின் அணைந்திருந்தாலும் பிளக் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. என் மல்டிமீட்டர் நாலைச் சுற்றித் தள்ளாடியது. விஷயம் இங்கேதான்.

வண்ணார்பேட்டையில் டிவி போர்டு, இன்வெர்ட்டர் போர்டு எல்லாம் பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறப்பதற்கு முன்பே, “எத்தன வருசமா பிளக்கப் பிடுங்காம வச்சிருந்தீய?” என்றார். வாங்கியதிலிருந்தே என்றேன். சிரித்துவிட்டு ஹேர் டிரையரை எடுத்து, ஊதா வயர் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் மேல் சூடு காட்டினார். பச்சை, கறுப்பை இணைத்தார். ஃபேன் ஜம்மென்று ஓடியது!

உள்ளே நடந்தது இதுதான். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் உள்ள திரவம் வருஷக்கணக்கில் காய்ந்து, உள் தடை ஏறிவிடுகிறது. சூடாக இருக்கும்வரை ஒப்பேற்றும். ராம் போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கியதும் முழுசாக ஆறிவிட்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கத் தெம்பில்லை. 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதி என்று ஒரு கணக்கு உண்டு. பாளையங்கோட்டை மே மாதம், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை. வேறு என்ன ஆகும்?

1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு லேசாகத் தலை உப்பியிருந்தன. அதே அளவில் 105 டிகிரி தாங்கும் லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைவான) ரகம் போட்டார். வெறும் ‘1000 மைக்ரோ’ என்று கேட்டு வாங்கினால் சாதாரண ரகத்தைத் தந்துவிடுவார்கள், கவனம். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். இன்னொன்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அண்ணாச்சி பல்பு வைத்து அதை இறக்கிய பிறகுதான் கையை வைத்தார். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது ஊதா வயரில் 5.06. புது ராமோடு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. மண்டபத்தின் மாதிரியும் நடுவில் நிற்காமல் முடிந்தது. மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயசுதான் என்பதால் ஒரு மாற்று சப்ளை தேடிக்கொண்டிருக்கிறேன். என் சப்ளை நீளவாக்கில் இருக்கும் பெட்டி, அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண சப்ளை உட்காராது. செகண்ட் ஹேண்டில்தான் பார்க்க வேண்டும்.