கார் ஷெட்டில் மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள்

ஒரு பரப்பு மேடுபள்ளமில்லாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் கடையில் கிடைக்கிறது. சோதனைச் சான்றிதழோடு மரப்பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். மட்டமான பரப்பு மட்டும் போதும் என்றால் அதை வாங்கிவிடுங்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு. உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு சின்ன லேத் எங்கள் கார் ஷெட்டில் கிடக்கிறது. அதன் அடித்தளமான பெட், அதன்மேல் நகரும் சேடில், குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு எல்லாமே தேய்ந்தவை. மேடான இடங்களை மட்டும் ஸ்க்ரேப்பர் என்ற கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சுரண்டித்தான் அவற்றை நேராக்க வேண்டும். அதற்குச் சுரண்டப் பழக வேண்டும், சுரண்டியதைச் சோதிக்க ஒரு தட்டும் வேண்டும். இரண்டும் ஒரே வேலையில் முடிய ஒரு பழைய வழி இருக்கிறது. மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒப்பிட்டே மூன்றையும் மட்டமாக்குவது. வெளியிலிருந்து எந்த அளவுகோலும் தேவையில்லை.

இதை ஊரறியச் சொன்னவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1840ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். முறை யாருடையது, குருவுடையதா சிஷ்யனுடையதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. விட்வொர்த் அழுத்திச் சொன்னது ஒன்று: எமரி என்ற தேய்ப்புத் தூள் போட்டு இரண்டு பரப்புகளைத் தேய்ப்பதை விடுங்கள், சுரண்டுங்கள். தூள் எங்கே கூடுதலாக ஓடுகிறது, எங்கே குறைவாக ஓடுகிறது என்பது நம் கையில் இல்லை. சுரண்டும்போது எந்த இடத்தில் உலோகம் போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம்.

ஏன் மூன்று? இரண்டே தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிசெய்தால் ஒன்று குழிந்தும் மற்றது மேடாகவும் போய், அப்படியே கச்சிதமாகப் பொருந்திவிடும். இரண்டும் மட்டம் என்று நாமும் நம்பிவிடுவோம். மூன்றாவது வந்தால் அந்த ஏமாற்று நடக்காது. முதல் தட்டு குழி என்று வையுங்கள். அதற்குப் பொருத்தமாகச் சுரண்டிய இரண்டாவதும் மூன்றாவதும் மேடாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று வைத்தால் மேட்டின்மேல் மேடு ஏறி, தவறு இரண்டு மடங்காகத் தெரியும். பாதியை இதிலும் பாதியை அதிலும் எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டாவதைத் தலைவனாக்கி, அதாவது மற்ற இரண்டையும் அதற்குப் பொருத்தமாகச் சுரண்டி, மறுபடி ஒரு சுற்று, பிறகு மூன்றாவது. சுற்றச் சுற்றத் தவறு ஒளிய இடமில்லாமல் போகிறது.

சரி, தட்டுக்கு வருவோம். அளவு 250க்கு 250 மில்லிமீட்டர். மேல்தகடு 18 மில்லிமீட்டர் கனம், அடியில் குறுக்கும் நெடுக்குமாக விலா, மொத்த உயரம் 50. கால்கள் மூன்றே. நான்கு கால் வைத்தால் மேசையின் கோணல் தட்டுக்குள் ஏறும். மூன்று கால் எங்கே வைத்தாலும் ஆடாமல் நிற்கும். ஒரு தட்டு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ. இதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள், ஏனென்றால் ஒரு மாலைப் பொழுதில் இதைத் தூக்கித் தூக்கித் திருப்பிக்கொண்டேதான் இருக்கப் போகிறீர்கள்.

மண்ணில் அச்சு எடுப்பதற்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, எம்.டி.எஃப். பலகையில் நானே செய்தேன். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று வீதம் சுருங்கும், அதனால் பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மேல்பரப்பில் மெஷினிங்குக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். மண்ணிலிருந்து பேட்டர்ன் உடையாமல் உருவி வர, விலாக்களுக்கு இரண்டு டிகிரி சரிவு. உள்மூலைகளில் கூர்மை கூடாது, மெழுகோ பட்டியோ வைத்து வளைவாக்கிவிட வேண்டும். கூர்மூலை இருந்தால் ஆறும்போது அங்கேதான் விரிசல் விடும்.

கோயம்புத்தூரில் இருப்பதன் லாபம் இங்கேதான். கணபதி, பீளமேடு பக்கம் போனால் பம்புக்கும் மோட்டாருக்கும் வார்க்கிற பவுண்டரிகள் இருக்கின்றன. மூன்று பீஸுக்காக யாரும் தனியாக உலை மூட்ட மாட்டார்கள். ஆனால் பம்பு உறைகளுக்கு ஊற்றும் நாளில் நம் அச்சையும் ஓரமாக வைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியவை இரண்டு. இரும்பு எஃப்.ஜி. 200 என்ற சாம்பல் வார்ப்பிரும்பு ரகமாக இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். வேலைப் பரப்பு அச்சில் கீழ்ப்பக்கம் வர வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். கசடும் காற்றும் மேலே மிதந்து ஏறும், அடியில் இருக்கும் முகம் கெட்டியாக, ஓட்டையில்லாமல் வரும். நான் சொன்னதும் அச்சு கட்டும் மோல்டர், "ஏனுங்க, பேட்டர்னைப் பார்த்தாலே தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வார்ப்பு வந்ததும் நேரே சுரண்ட உட்காரக் கூடாது. உள்ளே இழுவிசை உறைந்து கிடக்கும், மேல்தோலை எடுத்தவுடன் தட்டு வளையும். பழைய காலத்தில் வார்ப்புகளை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு வைப்பார்கள். அதில் கொஞ்சம்தான் தளரும். முழுசாகத் தளர்த்த 550 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உலையோடு மெல்ல ஆறவிட வேண்டும். முதலில் மெஷினில் மேலோட்டமாகச் சீவும் ரஃப் மில்லிங், பிறகு இந்த ஹீட் ட்ரீட்மென்ட், பிறகு கடைசியாகச் சீவும் ஃபினிஷ் மில்லிங் என்று வரிசை வைத்து வேலைக்குக் கொடுத்தேன். வந்த பரப்பைத் தொட்டுப் பார்த்தால் குறை தெரியாது. நீலம் தடவி ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டும் ஒட்டியது, நடுவில் சுத்தமாக எதுவும் இல்லை.

மேடு எங்கே என்று காட்டும் இந்த நீலம், ட்யூபில் வரும் பிரஷ்யன் புளூ. எண்ணெய்ப் பசை, லேசில் காயாது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதாதா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். போதாது. அது தண்ணீர், காய்ந்துவிடும், இரும்பையும் துருவேற்றும். பிரஷ்யன் புளூவின் ஒரே குறை, அது வீடு முழுக்க நடமாடுவது. கதவுப் பிடி, காபி டம்ளர், மகளின் பள்ளிப் பை என்று எல்லா இடத்திலும் என் விரல் போயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

ஸ்க்ரேப்பரும் சொந்தத் தயாரிப்புதான். பல் போன 14 அங்குல அரம் ஒன்று உடம்பு. நுனியில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள, மிகக் கடினமான கார்பைடு டிப்பை வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைத்தேன். அரத்தையே தீட்டிச் சுரண்டலாம், வார்ப்பிரும்பில் நன்றாகவே வெட்டும், ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். கார்பைடு நெடுநேரம் தாங்கும். அதைத் தீட்ட வைரம் வேண்டும் என்பதுதான் சிக்கல். வெட் கிரைண்டரிலிருந்து கழற்றிய அரை ஹெச்.பி. மோட்டாரில் ஒரு அலுமினியத் தட்டைப் பொருத்தி, அதில் வைரப் பசை தடவி ஒரு சாணை செய்துகொண்டேன். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, இந்த வேலைக்கு அந்த வேகம் போதும். முன்னால் ஒரு சாய்மேசை, கீல் வைத்தது, ஐந்து டிகிரியில் போல்ட்டால் இறுக்கியது. டிப்பின் இரண்டு விளிம்பும் இந்தச் சாய்வில் 95 டிகிரிக்கு வந்துவிடும். நுனி நேர்கோடாக இருக்கக் கூடாது, லேசான வில்லாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு முனையும் தட்டில் கோடு கிழிக்கும். எனக்கு இந்த முழு வேலையில் மிகவும் பிடித்த சாமான் இந்தச் சாணைதான். இப்போது லேத் டூல்களையும் இதில்தான் தீட்டுகிறேன்.

சுரண்டும் விதம் எழுத்தில் சொல்லிப் புரியவைக்கக் கஷ்டம். கைப்பிடியின் பின்முனையை இடுப்பெலும்பில் அணைத்து, இடது கையால் நுனிப் பக்கத்தை அமுக்கி, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ள வேண்டும். ஒரு தள்ளு பத்து மில்லிமீட்டர் போகும். சுருள் வராது. கோலமாவு போலக் கறுப்புத் தூள்தான் வரும், அதில் கிராஃபைட்டும் கலந்திருக்கும். ஒரு தடத்தின் ஆழம் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). லேத் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வந்து பார்த்தவர் என் தோளைப் பிடித்து அமுக்கி, "கையில தள்ளாதீங்க தம்பி, கால்ல இருந்து வரட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் தடங்கள் ஒரே நீளத்தில் விழ ஆரம்பித்தன.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் குறுக்காகப் போக வேண்டும், ஒரே திசையில் போனால் அலை அலையாக வரும். சுரண்டி முடித்ததும் மெல்லிய எண்ணெய்க் கல்லால் ஒரு இழுப்பு, பிசிறு போவதற்கு. துணியால் துடைத்த பிறகு உள்ளங்கையாலும் ஒருமுறை துடைக்க வேண்டும். துணிக்குத் தப்பும் ஒரு மணல் கைக்குத் தப்பாது. அது இடையில் மாட்டினால் நீலம் பொய் சொல்லும். அப்புறம் தலைவன் தட்டில் நீலத்தை ரோலரால் பரப்பி, மற்றதைக் கவிழ்த்து வைத்து, லேசாக ஆட்டி, நேராகத் தூக்க வேண்டும். நீலம் ஒட்டிய இடம் மேடு. நீல வளையத்தின் நடுவே உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அதுதான் உண்மையான மேடு, அழுத்தத்தில் அங்கே நீலமே நசுங்கிப் போயிருக்கிறது. முதலில் அந்தப் பளிச்சிடும் புள்ளிகளைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் நீலம் தாராளமாக இருக்கலாம். போகப்போகத் தட்டின் நிறம் சாம்பலாகத் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும்.

நீலம் இல்லாமலே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு தட்டின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, ஒரு மூலையை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடு மேடாக இருந்தால் மையத்தில் பம்பரமாகச் சுற்றும். ஓரங்கள் மேடாக இருந்தால் எதிர் ஓரத்தில் பிடித்துக்கொண்டு திரும்பும். மட்டமாக இருந்தால் முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அச்சு விழும். நீலம் தடவும் முன்பே பாதி விஷயம் இதில் தெரிந்துவிடும்.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் முறுக்கல். ஒரு மூலைவிட்டத்தின் இரு முனையும் உயர்ந்து, மற்ற மூலைவிட்டத்தின் முனைகள் தாழ்ந்திருக்கும் வடிவம். மூன்று தட்டும் ஒரே அளவு முறுக்கிக் கிடந்தால், எப்போதும் ஒரே நிலையில் கவிழ்த்து வைக்கும்வரை அவை அழகாகப் பொருந்தும். மூன்று தட்டு முறையும் அதைக் கண்டுபிடிக்காது. ஒன்றை 90 டிகிரி திருப்பி வைத்தால் உயர்ந்த மூலைகள் உயர்ந்த மூலைகளின்மேல் வந்து உட்கார்ந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். தட்டுகள் சதுரமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். மூலைக்கு ஒரு எண் பொறித்து, ஒவ்வொரு சுற்றிலும் திருப்பி வைத்தேன்.

வெயில் இன்னொரு எதிரி. எங்கள் ஷெட் மேற்குப் பார்த்தது. தட்டின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால், இந்த அளவுத் தட்டு நடுவில் ஒன்றரை மைக்ரானுக்கு மேல் எழும்பும் என்று கணக்கு சொல்கிறது. சுரண்டும்போதே உள்ளங்கைச் சூடு ஏறுகிறது. அதனால் கடைசிக் கட்ட வேலை முழுவதும் விடியற்காலையில்தான். சுரண்டிவிட்டுத் தட்டை விட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்த பிறகே நீலம் பார்த்தேன்.

இப்போதைய நிலவரம்: அட்டையில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி எங்கே வைத்துப் பார்த்தாலும் அதற்குள் நீலம் ஒட்டிய இடங்கள் 15 புள்ளிக்குக் குறையவில்லை, பல இடங்களில் 20 தாண்டுகிறது. எந்த ஜோடியை எப்படித் திருப்பி வைத்தாலும் படம் மாறவில்லை. லேத் வேலைக்கு இது தாராளம், மேலே போக எனக்கு ஆசையும் இல்லை, இடுப்பும் ஒத்துழைக்காது. மூன்றில் ஒன்றை யாரும் தொடாத தலைமைத் தட்டாக எண்ணெய் பூசி மர மூடி போட்டு வைத்துவிட்டேன். இன்னொன்று அன்றாடம் குறி போட. மூன்றாவதை அந்த ஃபிட்டர் பெரியவர் கேட்டிருக்கிறார், கொடுக்கப் போகிறேன்.

அடுத்தது லேத்தின் டவ்டெயிலுக்குள், அதாவது புறாவால் வடிவச் சாய்வுப் பள்ளத்துக்குள், நுழையும் 60 டிகிரி ஸ்ட்ரெய்ட் எட்ஜ், நேர்விளிம்புச் சட்டம். நீளம் 400 மில்லிமீட்டர், ஒடிசலான வடிவம், வார்க்கும்போதே வளைய வாய்ப்பு அதிகம் என்பதால் முதுகை வில் போல உயர்த்தி விலா கூட்டியிருக்கிறேன். பேட்டர்ன் பவுண்டரிக்குப் போய்விட்டது. கையில் இருக்கும் பம்பு ஆர்டர் முடிந்ததும் ஊற்றுகிறோம் என்றிருக்கிறார்கள்.