மலைப்பாதையில் குலுங்கிய பிக்அப்

சமவெளியில் ஒழுங்காக ஓடிய பழைய பெட்ரோல் பிக்அப், மலைப்பாதை தொடங்கியதும் குலுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, நடுநடுவே ஒரு வெட்டு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு சிலிண்டர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் 1996 முதல் வந்த வண்டி என்றால் கோளாறை வண்டியின் கம்ப்யூட்டரே சொல்லும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகலாம். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. எங்களுக்குக் காதும் மூக்கும்தான்.

"உயரம்தான் காரணம், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை மாற்றிடலாம்" என்றார் கூட வந்த நண்பர். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது, சாதாரண கார்புரேட்டர் அதற்கேற்றபடி பெட்ரோலைக் குறைக்காது. 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீத இழுவை போய்விடும். ஆனால் உயரம் எல்லாச் சிலிண்டரையும் ஒன்றாகத்தான் பாதிக்கும். எங்கள் வண்டியோ தாளம் தப்பாமல் வெட்டியது. சைலன்சர் வாயருகே கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன்: புஸ், புஸ், புஸ், அப்புறம் ஒரு தடவை ஒன்றுமில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை.

பழைய வண்டி குலுங்கினால் நான் முதலில் கேட்பது 'எப்போது?' என்றுதான். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது குலுங்கி, வேகம் கூடியதும் அடங்கினால் பெரும்பாலும் எங்கேயோ ஏர் லீக். நீண்ட ஏற்றத்தில் போகப்போக மூச்சு வாங்கினால் ஃப்யூல் ஃபில்டர், பம்ப். இழுக்கும்போது வெட்டி, இறக்கத்தில் சரியாகி, ஈரக் காலையில் மோசமானால் பொறி உண்டாக்கும் இக்னிஷன் பக்கம் போக வேண்டும். இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். ஒயரில் எங்காவது விரிசல் இருந்தால் கரண்ட் அந்த வழியாகவே ஓடிவிடும்.

இருட்டும்வரை காத்திருந்தோம். பெட்ரோல் வாசனை எங்கும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இன்ஜினை ஓடவிட்டோம். கசிவு இருந்தால் இந்தச் சோதனையே கூடாது. பானட்டைத் திறந்து, டார்ச்சை அணைத்து, பிளக் ஒயர்கள்மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தேன். மூன்றாவது பிளக்கின் ரப்பர் மூடிக்குக் கீழிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நூல் மாதிரி ஒரு நீலப் பொறி தாவியது. டிக், டிக் என்று சத்தம் வேறு.

இன்ஜின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றினோம். மற்றவற்றின் முனை பழுப்பாக, ஓரத்தில் கொஞ்சம் கரியோடு இருந்தது. அந்தக் கரிதான் உயரத்தின் வேலை. மூன்றாவது பிளக் மட்டும் கருப்பாகி, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் அதையும் சூடேற்றிக் கெடுத்துவிடும். 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று இந்த நிலையில் வண்டியை விரட்டவே கூடாது.

பெட்டியில் மாற்று ஒயர் செட் இருந்தது. ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டால் வரிசை மாறிப்போகும். பிளக்குகளைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வெட்டு நின்றுவிட்டது.

ஆனால் ஐடிலிங்கில் இன்னும் ஒரு சின்ன நடுக்கம். இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்யூம் கேஜை மாட்டினால், பாதரசக் கணக்கில் 14 அங்குலம் காட்டியது. நண்பருக்குக் கவலை. கடல் மட்டத்தில் 17 முதல் 21 வரை இருக்க வேண்டியது, 1,000 அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். நாங்கள் இருந்தது சுமார் 5,000 அடி உயரத்தில், ஆக அது சரியான அளவுதான். முள்ளும் அசையாமல் நின்றது. வால்வு கருகியிருந்தால் முள் சீராகத் துடித்திருக்கும்.

பிறகு பிரேக்கை அழுத்தி, கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தோம். இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பியது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது, எரிபொருளுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கீழே இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, மீதி ஏற்றத்தை இரண்டாவது கியரில் நிதானமாக ஏறினோம்.