மவுஸைத் தொடாத டீச்சர்

சின்னப் பிள்ளைகளுக்கு கோடிங்கை எப்படி ஆரம்பிப்பது என்று மற்ற பள்ளி டீச்சர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த சாஃப்ட்வேர், எந்த வகுப்பிலிருந்து, நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் கேள்வி வரும். பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பிள்ளை எழுதிய புரோகிராம் தப்பாக ஓடும்போது நீங்கள் போய் மவுஸைப் பிடிக்காதீர்கள். இதை மட்டும் கடைப்பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்பது என் முடிவு.

நான் பெரம்பூர் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை எடுக்கிறேன். கணக்கு எடுப்பவரிடமே கம்ப்யூட்டர் பீரியடையும் சேர்த்துக் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கம்தானே, அப்படித்தான் இது என்னிடம் வந்தது. லேப் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள், ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர், யார் முதலில் நாற்காலியைப் பிடித்தாரோ அவர் கையில் மவுஸ், மற்ற இரண்டு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பத்து நிமிடத்தில் நாலு மூலையிலிருந்தும் சத்தம் வரும். "மிஸ், வரல மிஸ்!"

அந்த நேரத்தில்தான் நம் கை தானாக மவுஸுக்குப் போகிறது. நமக்குத் தப்பு எங்கே என்று தெரியும், இரண்டு கிளிக்கில் சரியாகிவிடும், அடுத்த பிள்ளை கூப்பிடுகிறது, பீரியட் முடியப் போகிறது. பிள்ளையும் "ஆ, வந்துடுச்சு மிஸ்" என்று சந்தோஷமாகத்தான் சொல்லும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அது கற்றுக்கொள்ள இருந்த ஒரே விஷயத்தை நாம் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதிலேயே கம்ப்யூட்டிங் பாடம் ஆரம்பிக்கிறது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்கான அந்தப் பாடத்திட்டத்தில், சின்ன புரோகிராம் எழுதுவதையும் அதிலுள்ள பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதையும் சேர்த்தே ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். பிழை திருத்துவது பின்னால் வருகிற பெரிய வகுப்பு வேலை இல்லை, முதல் நாள் வேலை என்று அங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பவும் சரியாகப் படுகிறது.

அதனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவேன். மூன்று கேள்வி கேட்பேன். என்ன வரணும்னு நினைச்ச? இப்போ என்ன வந்துச்சு? எந்த இடத்துல மாறிப்போச்சு? முதல் இரண்டுக்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் மூன்றாவதைத் தானே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முக்கோணத்தைச் சொன்னால் உங்களுக்கு இது நன்றாகப் புரியும். ஸ்கிராட்ச் என்பது கட்டளைக் கட்டைகளை இழுத்து ஒட்டி புரோகிராம் செய்கிற சாஃப்ட்வேர், அதில் பேனாவை வைத்து சதுரம் வரைவது எல்லாருக்கும் வந்துவிடும்: 100 அடி முன்னால் போ, 90 டிகிரி திரும்பு, இதை நான்கு முறை செய். அடுத்து சமபக்க முக்கோணம் என்று சொன்னவுடன் வகுப்பு மொத்தமும் 60 டிகிரி என்று போடும். ஏன் போடாது? சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 என்று அவர்களுக்குச் சொல்லித் தந்ததே நான்தான். மூன்று முறை ஓடவிட்டால் முக்கோணம் வராது, வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஏதோ ஒன்று வரும். "மிஸ், கம்ப்யூட்டர் தப்பா போடுது" என்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். லேப்புக்கு வெளியே வராந்தாவில் சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் போட்டு, ஒரு பிள்ளையை அதன் கோட்டின் மேலேயே நடக்கச் சொல்வேன். மூலைக்கு வந்ததும், அடுத்த கோட்டைப் பார்க்க உடம்பை எவ்வளவு திருப்பினாய் என்று கேட்பேன். அது 60 இல்லை, முழு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, 120. உள்ளே இருக்கிற கோணம் வேறு, நடக்கிறவர் திரும்புகிற கோணம் வேறு. வெளிக்கோணம் என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டிய விஷயம் அன்றைக்குத்தான் அவர்கள் காலுக்குள் இறங்குகிறது.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. அந்த 60-ஐ யாராவது ஒரு பிள்ளை மாற்றாமல், மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை ஓடவிடும். அறுங்கோணம் வந்து நிற்கும். அங்கிருந்து ஒவ்வொருவராக 360-ஐக் கண்டுபிடிப்பார்கள். மூன்று முறை 120, நான்கு முறை 90, ஆறு முறை 60, எல்லாம் பெருக்கினால் 360, ஒரு முழுச்சுற்று. அப்படியென்றால் ஒரு அடி நட, ஒரு டிகிரி திரும்பு, 360 முறை செய் என்றால் வட்டம். நட்சத்திரத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் திணறுவார்கள், ஐந்து முறை 144, அது 720, அதாவது இரண்டு சுற்று. இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தேடட்டும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. 1967-இல் சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொய்ர்சைக் என்பவர்கள் பிள்ளைகளுக்காகவே லோகோ என்ற நிரல்மொழியை, அதாவது புரோகிராம் எழுதுகிற மொழியைச் செய்தார்கள், அதில் பின்னால் ஆமை வந்தது, முதலில் தரையிலேயே ஊர்ந்து கோடு போடுகிற இயந்திர ஆமை. பேப்பர்ட், குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயோடு ஜெனிவாவில் வேலை பார்த்தவர். ஆமையின் இடத்தில் பிள்ளை தன்னையே வைத்து நடந்து பார்க்கலாம் என்பதுதான் அவருடைய பெரிய யோசனை. 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு வெளியிட்ட ஸ்கிராட்ச் அந்த வழியில் வந்ததுதான். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் அதே ஸ்கிராட்ச் இருக்கிறது, ஆனால் பொதுத் தேர்வு அவசரத்தில் அந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் சிஸ்டத்தை ஆன் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் இருக்க வேண்டியது அது.

லேப் இல்லாத பள்ளி டீச்சர்கள் கவலைப்பட வேண்டாம். நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவர் நண்பர்களும் கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் அறிவியல் சொல்லித் தருகிற விளையாட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதில், 0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்ணுகிற இரும எண் விளையாட்டு ஐந்தாம் வகுப்பிலேயே அருமையாக எடுபடும். 16, 8, 4, 2, 1 என்று எழுதிய ஐந்து அட்டை, ஐந்து பிள்ளைகள். உன் ரோல் நம்பரைக் காட்டு என்றால், தேவையான அட்டைகள் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் உட்கார வேண்டும். 19 என்றால் 16, 2, 1 நிற்கும். எல்லாரும் நின்றால் 31. என் வகுப்பில் 32-ஆம் நம்பர் பிள்ளை "அப்போ நான் மிஸ்?" என்று கேட்டபோது நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவன் நோட்டில் 32 என்று பெரிதாக எழுதிக் கிழித்துக்கொண்டு வந்து 16-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். காலை பிரேயரில் உயர வரிசையில் நிற்பதையும் விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் இடம் மாறலாம் என்று ஒரே ஒரு விதி வைத்தால் அது அப்படியே வரிசைப்படுத்தும் அல்காரிதம், அதாவது படிப்படியான செய்முறை.

கோலத்துக்கு வருகிறேன். இங்கே நமக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. "ஊடுபுள்ளி 9 முதல் 5 வரை" என்று கோலப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், நடுவில் 9 புள்ளி, இரண்டு பக்கமும் 8, 7, 6, 5 என்று இடைவெளியில் வைத்துக்கொண்டே போக வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒரு சின்ன வரிக்குள் முழு புரோகிராம் இருக்கிறது, 9-ஐயும் 5-ஐயும் மாற்றினால் வேறு கோலம். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டால் கூட்டிப் பார்த்து 61 என்பார்கள், அப்புறம் 11 முதல் 6 வரை என்றால் எத்தனை என்று அவர்களே புரோகிராமைக் கொண்டு கண்டுபிடிப்பார்கள். தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, எழுபதுகளிலேயே கோலங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள். ஒரு கோலத்தை எந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் வரையும் என்று காட்டிய ஆராய்ச்சி அது. உலகம் முழுக்க கம்ப்யூட்டர் அறிவியல் படிக்கிறவர்கள் மேற்கோள் காட்டுகிற வேலை, பெரம்பூரிலிருந்து ரயில் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில் நடந்திருக்கிறது. இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. மவுஸ் முதலில் நாற்காலியைப் பிடித்தவர் கைக்குத்தான் போகும் என்று சொன்னேன் இல்லையா, அது பெரும்பாலும் சத்தம் போடுகிற பையன்தான். கோலம் வந்தால் அது தானாக மாறும், ஏனென்றால் புள்ளி தப்பாக விழுந்திருப்பது முதலில் கோலம் போடத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் படும். ஆனாலும் அதை நம்பி விடக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆளை மாற்றுகிறேன். மவுஸ் வைத்திருப்பவர் யோசனை சொல்லக்கூடாது, யோசனை சொல்பவர் மவுஸைத் தொடக்கூடாது. கண்டிப்பாக இருங்கள்.

எட்டாம் வகுப்பில் பைத்தான், கட்டளைகளை டைப் செய்து எழுதுகிற நிரல்மொழி. ஆமை அதிலும் இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் மாறிகளுக்கு, அதாவது எண்ணையோ சொல்லையோ போட்டு வைக்கிற பெட்டிகளுக்கு, தமிழில் பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். புள்ளி, வரிசை, நீளம் என்று பெயர் வைத்தால் பிள்ளை தான் எழுதியதைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும், பிழை தேடும்போது அது எவ்வளவு பெரிய உதவி! அடியிலிருந்தே தமிழில் எழுத ஆசைப்படுபவர்களுக்கு எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது, பதிப்பி என்று எழுதினால் திரையில் காட்டும். தமிழ் வைத்துச் செய்யும்போது ஒரு நல்ல சிக்கலும் கிடைக்கும். "சென்னை" என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேளுங்கள், 6 என்று சொல்லும். பிள்ளைகள் 3 என்பார்கள். இரண்டு பேரும் சரி. கம்ப்யூட்டர் ச, ன என்கிற எழுத்தையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறது. அந்தப் பெயரைத் திருப்பி எழுதச் சொன்னால் முதல் எழுத்தே உடைந்து போய் வரும். ஏன் என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம், உயிர்மெய் எழுத்தைப் பற்றி அவ்வளவு கவனமாக அவர்கள் தமிழ் வகுப்பில்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று பாடம் இருக்கிறது, நல்ல பாடம்தான். ஆனால் அங்கே போகும்போது தப்பு வந்தால் பயப்படுகிற பிள்ளை, புத்தகத்தில் இருக்கிற புரோகிராமை மனப்பாடம் செய்து, ரெக்கார்ட் நோட்டில் அவுட்புட்டையும் சேர்த்து அப்படியே எழுதிவிட்டுப் போகும். எனக்கு இது வருத்தமான விஷயம். சிவப்பில் எர்ரர் வந்தவுடன் "போச்சு" என்று கையை எடுத்துவிடாமல் அந்த வரியை நிதானமாக வாசிக்கிற பழக்கம் பத்து, பதினொரு வயதில் வந்துவிட்டால் மேல் வகுப்பில் மொழி எதுவாக இருந்தாலும் சமாளித்துவிடுவார்கள்.

இப்போது பெற்றோர் கேட்கிற கேள்வி வேறு. ஊரடங்கு சமயத்தில் ஆறு வயதிலேயே ஆப் செய்யலாம் என்று விளம்பரம் பார்த்து ஆயிரக்கணக்கில் பணம் கட்டியவர்கள்கூட இன்றைக்கு, "ஏஐயே எல்லாம் எழுதித் தருதே மிஸ், இவன் எதுக்குப் படிக்கணும்?" என்கிறார்கள். போன வருடம் ஒரு மாணவி வீட்டில் ஏஐயிடம் கேட்டு 9-5 கோலத்துக்கு புரோகிராம் வாங்கி வந்தாள். ஓடியது, புள்ளியும் வந்தது, ஆனால் நேர்ப்புள்ளியாக, சதுரமாக. அவளே பார்த்துவிட்டு, "இது ஊடுபுள்ளி இல்ல மிஸ், வரிசைக்கு வரிசை பாதி தள்ளி ஆரம்பிக்கணும்" என்று எந்த வரியை மாற்ற வேண்டும் என்று காட்டினாள். அவள் அம்மாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். வந்த பதில் சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்ததால்தான் அந்த ஏஐ அவளுக்குப் பயன்பட்டது.

சரி, கேட்டவர்களுக்கான பதில்கள். ஸ்கிராட்ச்சை நெட் இல்லாமலே சிஸ்டத்தில் போட்டு வைத்துக்கொள்ளலாம், இலவசம். ஐந்தாம் வகுப்பு வரை லேப்பே வேண்டாம், அட்டையும் சாக்பீஸும் போதும். ஆறு, ஏழில் ஸ்கிராட்ச், எட்டில் பைத்தான். நீங்கள் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் வகுப்புக்கு முந்தின நாள் அந்தப் பயிற்சியை நீங்களே ஒருமுறை செய்து, எங்கே தப்பு வரும் என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஹெச்.எம்.மிடம் புது சிஸ்டம் கேட்பதற்கு முன்னால் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். ஒரே பீரியட் என்றால் சிஸ்டம் ஆன் ஆகி, பிள்ளைகள் உட்கார்ந்து, தப்பு வந்து, அதைத் தேட ஆரம்பிக்கிற நேரத்தில் பெல் அடித்துவிடும், அப்போது யாராக இருந்தாலும் மவுஸைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுக்கத்தான் தோன்றும்.